புள்ளிக்காரி அடைகாத்த பதினோரு முட்டை

எல்லாரும் வட்டமா உக்காருங்க. ஏலே தவசி, கையைக் கழுவுனியா இல்லையா? காட்டு பாப்போம். சரி, உக்காரு. ஒரு உருண்டை சோறு வாங்குனா ஒரு 'ம்' கொட்டணும். 'ம்' நின்னுதுன்னா கதையும் நின்னுரும், சோறும் நின்னுரும், சொல்லிட்டேன்.

ஊருன்னா ஒரு ஊரு. அந்த ஊர்ல கிழக்க ஒரு தெரு, மேற்க ஒரு தெரு, நடுவுல ஒரு குளம். குளத்தங்கரையில ஊர் மணியத்தோட வீடு. மணியம்னா ஊருக்குப் பெரியவரு, வழக்கு வம்பு வந்தா தீத்து வைக்கிறவரு. பேரு வெயிலுமுத்து. நாட்டுக்கோழிக் குழம்புன்னா போதும், அந்த மனுசனுக்கு நாக்கு நாலு முழம் நீளும்.

ரெண்டு தெருவும் ஒண்ணாதான் இருந்துச்சு. ஒரே கிணத்துல தண்ணி எடுத்தாங்க, ஒரே பானையில பொங்க வச்சாங்க. ஒரு தைப்பொங்கலுக்கு அம்மன் கோயில் முன்னால பானை பொங்கி வழிஞ்சுது பாருங்க, கிழக்குத்தெருக்காரங்க "எங்க பக்கம்தான் முதல்ல வழிஞ்சுது"ன்னாங்க, மேலத்தெருக்காரங்க "கண்ணு அவிஞ்சா போச்சு, எங்க பக்கம்தான்"ன்னாங்க. இதுக்குப் போயி சண்டை! பொங்கல் ஆறி அவலாப் போச்சு, ஒருத்தரும் தின்னலை. மணியத்துகிட்ட போனாங்க.

மணியம் என்ன சொல்லியிருக்கணும்? "போங்கடா கிறுக்குப் பயலுகளா, போயி சாப்பிடுங்க"ன்னு சொல்லியிருக்கணும். சொல்லலையே! கிழக்க இருந்து ஒருத்தன் கோழி கொண்டாந்து காதைக் கடிச்சான். மேற்க இருந்து ஒருத்தன் சேவல் கொண்டாந்து காதைக் கடிச்சான். அடடே, இந்தச் சண்டை இப்படியே இருந்தா நம்ம சட்டிக்குக் குறைச்சலே இல்லைன்னு அவருக்குப் பட்டுப்போச்சு.

முதல் வருசம், "தனித்தனிப் பானை வச்சுக்கோங்க"ன்னாரு. ரெண்டாம் வருசம், "தனித்தனிக் கிணறு வெட்டிக்கோங்க, பேச்சுவார்த்தை வேண்டாம்"ன்னாரு. மூணாம் வருசம் என்ன சொன்னாரு தெரியுமா? கொட்டுங்க 'ம்'. "கிழக்குத்தெரு ஆடு மாடு கோழி நாய்க்கெல்லாம் கழுத்துலயோ கால்லயோ சிவப்புக் கயிறு, மேலத்தெரு உயிருக்கெல்லாம் கறுப்புக் கயிறு. கயிறு மாறித் தெரு தாண்டுனது எதுவா இருந்தாலும் என் பட்டிக்கு வந்துரணும். தாண்டிப் பேசுற, பண்டம் குடுத்து வாங்குற வீட்டுக்கு ஒரு வருசம் யாரும் நெருப்பும் குடுக்கப்படாது, தண்ணியும் குடுக்கப்படாது"ன்னாரு. பட்டிக்குப் போன ஆடு பட்டியில நிக்கும். பட்டிக்குப் போன கோழி எங்க நிக்கும்? ஆங், தவசி கரெக்டா சொன்னான். சட்டியில நிக்கும்.

கிழக்குத்தெருவுல இசக்கின்னு ஒருத்தி. அவ புருசன் கொம்பையா. அவனை ஊரே மண்டுன்னு கூப்பிடும். மழை வந்தா குடையை நனையாம துணிக்குள்ள சுத்தி வச்சுக்கிட்டு இவன் நனைஞ்சுக்கிட்டு வருவான், அப்படி ஒரு ஆளு. பிள்ளைகுட்டி கிடையாது. பிள்ளைன்னா அவங்களுக்கு ரெண்டுதான். ஒண்ணு கருவாயன்னு ஒரு நாய். இன்னொண்ணு புள்ளிக்காரின்னு ஒரு பெட்டைக்கோழி. புள்ளிக்காரி முட்டையிட்டுக் கொக்கரிச்சா இசக்கி போட்ட வேலையைப் போட்டபடி ஓடிப்போயி, "வந்துட்டேன் தாயி, வந்துட்டேன்"ன்னு தடவிக் குடுப்பா. சிரிக்காதீங்க, மனசுக்குப் பிடிச்சிருந்தா அப்படித்தான்.

இசக்கியோட கூடப்பிறந்த அக்கா மாடத்தி, மேலத்தெருவுல வாழ்க்கைப்பட்டவ. நடுவுல குளம்தான், கூப்பிட்டாக் கேக்கும். ஆனா மூணு வருசமா அக்கா தங்கச்சி ஒரு வார்த்தை பேசலை. பேசினா நெருப்பு தண்ணி போயிருமே! குளத்துல தங்கச்சி இந்தக் கரையில துணி துவைப்பா, அக்கா அந்தக் கரையில துவைப்பா, நிமிந்து பாத்துக்குவாளுக, குனிஞ்சுக்குவாளுக. வயித்தெரிச்சலா இருக்கா இல்லையா? எனக்கு இருக்கு.

ஆனா கருவாயனுக்கு மணியமாவது ஒண்ணாவது! காலைக் கஞ்சி இசக்கி வீட்டுல, மத்தியானச் சோறு மாடத்தி வீட்டுல. சிவப்புக் கயிறோட கரையோரப் புதருக்குள்ள நுழைஞ்சு அந்தப் பக்கம் போவான். மாடத்தி சிவப்பை அவிழ்த்துட்டுக் கறுப்பைக் கட்டி விடுவா. திரும்பி வந்தா இசக்கி கறுப்பை அவிழ்த்துட்டுச் சிவப்பைக் கட்டுவா. ஒரு நாள் கழுத்துல முறுக்கு தொங்கும், ஒரு நாள் ஒரு முழம் பூ தொங்கும். அதுதான் அவளுகளுக்குப் பேச்சு.

அப்படி இருக்கையில புள்ளிக்காரி அடைக்கு உக்காந்தா. ஓலைப்பெட்டியில உமி பரப்பி, இடி இடிச்சா முட்டை கலங்காம இருக்க ஒரு இரும்புத்துண்டும் காஞ்ச மிளகாயும் போட்டு வச்சா இசக்கி. அன்னிக்கு மத்தியானம் மணியம் சாப்பிட்டுக் குறட்டை விடுற நேரம், மணியத்தோட பெண்சாதி ஆவுடை முந்தானைக்குள்ள என்னமோ மறைச்சுக்கிட்டு வந்து நிக்கிறா.

"இசக்கி, எங்க வீட்டு வாத்து முட்டை போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம போயிருது. அடைகாக்கத் துப்பில்லை. கோழி வச்சாத்தான் பொரியும். எங்க வீட்டுல எந்தக் கோழி இருக்கு? எல்லாத்தையும் அவரு தின்னுட்டாரு. இந்த ஒரு முட்டையை வச்சுக் குடு தாயி. யாருகிட்டயும் மூச்சு விட்டுராத"ன்னா.

"விடமாட்டேன் அக்கா"ன்னு இசக்கி வாக்குக் குடுத்துட்டா. வாத்து முட்டைக்குக் கோழி முட்டையை விட ஒரு வாரம் கூட வேணும். அதனால அதை முதல்ல வச்சா. ஒரு வாரம் கழிச்சுத் தன் முட்டை அஞ்சை வச்சா. அன்னிக்கே கருவாயன் கழுத்துல ஒரு சின்னப் பெட்டி. உள்ள உமி. உமிக்குள்ள அஞ்சு முட்டை. அக்கா வீட்டுக்கோழி அடைக்கு உக்காரலை, புரிஞ்சுதா? ஒண்ணுகூட உடையாம அந்த நாய் நடந்து வந்திருக்கு பாருங்க, நீங்க ஒரு டம்ளர் தண்ணியைச் சிந்தாமக் கொண்டார மாட்டீங்க.

எது யாரு முட்டைன்னு தெரியணும்ல? இசக்கி அடுப்புக்கரி எடுத்து, தன் முட்டைக்கு ஒரு கோடு போட்டா, அக்கா முட்டைக்கு ரெண்டு கோடு போட்டா, வாத்து முட்டைக்கு ஒரு வட்டம் போட்டா.

இருபத்தோரு நாள் ஆச்சு. டொக்கு டொக்குன்னு ஓட்டை உடைச்சுக்கிட்டு பத்துக் கோழிக்குஞ்சு, ஒரு வாத்துக்குஞ்சு, பதினொண்ணும் பழுதில்லாம வந்துருச்சு! இசக்கிக்கு வாயெல்லாம் பல்லு. கொம்பையா எட்டிப் பாத்துட்டு, "ஏட்டி, இதுல எது நம்மது, எது உங்க அக்காளுது?"ன்னான். அப்பதான் இசக்கி தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்தா. "அய்யோ, முட்டைக்குக் கோடு போட்டேனே, குஞ்சுக்குப் போடலையே!" ஓடு உடைஞ்சு உமியோட உமியாக் கிடக்கு. கோட்டை எங்க போயி தேட?

அந்த நேரம் பாத்து மாடத்தி, குஞ்சுக்குப் போடட்டுமேன்னு ஒரு பெட்டி நொய்யரிசி கட்டிக் கருவாயனை அனுப்பியிருக்கா. நாய் கரை தாண்டுறப்ப மணியம் பல்லு குத்திக்கிட்டு நிக்கிறாரு. பாத்தாரு. கறுப்புக் கயிறு, நாய் கிழக்க போவுது! பின்னாலயே வந்தாரு. நாய் வாலை ஆட்டிக்கிட்டு நேரா இசக்கி வீட்டுக்குள்ள நுழைஞ்சுது. உள்ள பாத்தா கொழுகொழுன்னு புள்ளிக்காரி. மணியத்துக்கு மசாலா வாசனையே வந்துருச்சு.

"கூட்டுங்கடா ஊரை!"ன்னாரு.

குளத்தங்கரையில கிழக்குத்தெரு ஒரு பக்கம், மேலத்தெரு ஒரு பக்கம். அதுக்கு முன்னால வீட்டுல இசக்கி அழுதுக்கிட்டே புருசன்கிட்ட சொன்னா, "வாத்துக்குஞ்சை எங்கயாவது ஒளிச்சு வையி. ஆவுடை அக்காவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். என் கோழி போனாலும் அவளைக் காட்டிக் குடுக்கமாட்டேன்." மண்டு எங்க ஒளிச்சு வச்சான்? தலைப்பாகைக்குள்ள! வச்சுக்கிட்டு நேரா கூட்டத்துக்கே வந்து நிக்கிறான். இவனை என்ன சொல்ல!

மணியம் கட்டில்ல உக்காந்துக்கிட்டு, "இசக்கி, இதுல கிழக்குக் குஞ்சு எது, மேலக் குஞ்சு எது? இப்பவே பிரிச்சுக் கயிறு கட்டணும். பிரிக்க முடியலைன்னா கோழியும் குஞ்சும் நாயும் என் பட்டிக்கு. உங்க வீட்டுக்கு ஒரு வருசம் நெருப்பு தண்ணி கிடையாது"ன்னாரு.

இசக்கி புள்ளிக்காரியை மாரோட அணைச்சுக்கிட்டு நிக்கிறா. கொம்பையா முன்னால வந்தான்.

"மணியம் ஐயா, நான் மண்டு. எனக்குத் தெரியாது. குஞ்சுகளையே கேட்டுப் பாருங்களேன். அதுஅதுக்கு அதுஅது தெரு தெரியாதா?"

சிரிச்சாங்க எல்லாரும். மணியமும் சிரிச்சாரு. "அதையும் பாத்துருவோம்."

இசக்கி கோழியையும் குஞ்சுகளையும் தரையில இறக்கி விட்டா. கிழக்குத்தெரு நொய்யைப் போட்டு "பக் பக் பக்"ன்னு கூப்பிட்டுது. புள்ளிக்காரி போனா. பத்துக் குஞ்சும் பின்னாலயே போச்சு. "பாத்தியா, எல்லாம் எங்களுது!" மேலத்தெரு கம்புத் தானியத்தைப் போட்டு "பக் பக் பக்"ன்னு கூப்பிட்டுது. புள்ளிக்காரி திரும்பினா. பத்தும் பின்னாலயே திரும்புச்சு. "இப்ப என்ன சொல்றீங்க!" மூணாவது ரெண்டு தெருவும் சேந்து தொண்டை கிழியக் கூப்பிட்டுது. புள்ளிக்காரி பயந்துபோயி நடுவுல உக்காந்து றெக்கையை விரிச்சா. பத்தும் உள்ள பூந்துக்கிச்சு. ஒரு குஞ்சு தலை மட்டும் வெளிய நீட்டிப் பாத்துச்சு பாருங்க, ரெண்டு தெருவுலயும் கிளுக்குன்னு ஒரு சிரிப்பு. மூணு வருசம் கழிச்சு ஒண்ணாச் சிரிச்சது அதுதான்.

மணியத்துக்குக் கோவம் வந்துருச்சு. "விளையாட்டா? பிடிங்கடா கோழியை!" அப்ப "கீக் கீக்"ன்னு ஒரு சத்தம். எங்க? கொம்பையா தலையில!

"தலைப்பாகையை அவுருடா!"

"வேண்டாம் ஐயா, நான் மண்டு, அவுத்தா முடி கலைஞ்சிரும்."

"அவுருங்கேன்!"

"நீங்கதான் அவுக்கச் சொல்றீங்க, எல்லாரும் கேட்டுக்கோங்க"ன்னுட்டு அவுத்தான். தொபுக்குன்னு விழுந்துச்சு ஒரு மஞ்சக் குஞ்சு. தட்டையா மூக்கு, தோல் ஒட்டுன காலு. தண்ணியைக் கண்டுதோ இல்லையோ, நேரா ஓடிக் குளத்துல குதிச்சுப் படகு மாதிரி போவுது. புள்ளிக்காரி பதறிக்கிட்டுக் கரையில அங்கயும் இங்கயும் ஓடுறா. பெத்தவ இல்லை, அவ வகையும் இல்லை, ஆனாலும் அது முங்கிருமோன்னு எப்படித் துடிக்கிறா!

"வாத்துக்குஞ்சு!"ன்னு ஒருத்தன் கத்துனான். "ஊர்ல வாத்து வளக்குறது ஒரே வீடுதானே!"

எல்லாக் கண்ணும் மணியம் மேல. "இசக்கி, யாரு குடுத்தா சொல்லு"ன்னு கேக்குறாங்க. இசக்கி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "சொல்லமாட்டேன்னு சொல்லியிருக்கேன். கோழியைக் கொண்டு போறதுன்னா கொண்டு போங்க"ன்னா. கண்ணுல இருந்து பொலபொலன்னு கொட்டுது.

கரையிலயே இருந்த தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால நின்ன ஆவுடைக்கு அதுக்கு மேல தாங்கலை. விறுவிறுன்னு வெளிய வந்தா.

"அவ சொல்லமாட்டா, நான் சொல்றேன். நம்ம வாத்து முட்டையைத் தெரு தாண்டிப் போயி நான்தான் குடுத்தேன். ஏங்க, உங்க சட்டப்படி நம்ம வீட்டுக்குத்தான் நெருப்பும் தண்ணியும் கிடையாது. இன்னிக்கு அடுப்பு எரியாது, போங்க. மூணு வருசமா ஊர்க்கோழியைத் தின்னீங்களே, செரிச்சுதா? எனக்குச் செரிக்கலை!"

அந்த நேரத்துல மேலத்தெருக் கூட்டத்துல இருந்து மாடத்தி நடுவுல நடந்து வந்தா. யாரும் தடுக்கலை. தங்கச்சி முகவாயைப் பிடிச்சுத் தூக்கி, "இளைச்சுப் போயிட்டியேட்டி"ன்னா. அவ்வளவுதான். ரெண்டும் கட்டிப்பிடிச்சு அழுகுதுக. கருவாயன் ரெண்டு பேரையும் சுத்திச்சுத்தி வாரான். அதைப் பாத்துக் கிழக்க ஒருத்தன் மேற்க நின்ன மச்சானைப் பாத்தான், மேற்க ஒருத்தி கிழக்க நின்ன மதினியைப் பாத்தா. அப்புறம் கிழக்கு எது, மேற்கு எது? எல்லாம் ஒரே கூட்டம்.

மணியத்தை என்ன பண்ணலாம்னு பேசுனாங்க. ஊரை விட்டே விரட்டணும்னாங்க சில பேரு. கொம்பையா சொன்னான், "வேண்டாம். ஊர்ல இருக்குற எல்லாக் கயிறையும் அவரே தன் கையால அவுக்கட்டும். பட்டியில இருக்குறதைத் திருப்பிக் குடுக்கட்டும். இனி வழக்கை ஊரே பேசிக்கிடும். அப்புறம் ஐயா, புள்ளிக்காரிக்கு நீந்தத் தெரியாது பாருங்க, வாத்துக்குஞ்சு பெரிசாகுற வரைக்கும் தினமும் நீங்கதான் அதை மேய்க்கணும்."

மண்டா, கெட்டிக்காரனா? நீங்களே சொல்லுங்க.

மணியம் வீடு வீடாப் போயி குனிஞ்சு குனிஞ்சு கயிறு அவுத்தாரு. இடுப்பு போச்சு. ஒரு கிடாய் முட்டுச்சு, ஒரு சேவல் கொத்துச்சு, ஒரு கோழி மூஞ்சியில பீச்சிருச்சு. சீ சீ, சாப்பிடுறப்ப சொல்லிட்டேன், விடுங்க. தினமும் முழங்கால் தண்ணியில நின்னு "பாக் பாக்"ன்னு வாத்துக்குஞ்சு மேய்ச்சாரு. நெருப்பும் தண்ணியும் யாரும் மறுக்கலை. இசக்கியே ஆவுடைக்குக் கொள்ளி எடுத்துக் குடுத்தா. ஆனா கோழிக்குழம்பு மட்டும் அந்த வீட்டுல அப்புறம் கொதிக்கவே இல்லை. ஆவுடை கீரைதான் கடைஞ்சா.

பத்துக் குஞ்சை எப்படிப் பிரிச்சாங்கன்னு கேக்குறியா செல்லி? பிரிக்கவே இல்லை. காலையில இங்க மேஞ்சுது, மத்தியானம் அங்க மேஞ்சுது.

அடுத்த தைக்கு அம்மன் கோயில் முன்னால ஒரே பானை. பால் பொங்கி வந்துச்சு. வந்துச்சு, வந்துச்சு, நொர தள்ளி வழிஞ்சுது. யாரோ ஒரு பய பழைய ஞாபகத்துல, "மணியமே, எந்தப் பக்கம் வழிஞ்சுது?"ன்னுட்டான். ஊரே மணியத்தைத் திரும்பிப் பாத்துச்சு. மணியம் பானையைப் பாத்தாரு, காலடியில நின்ன வாத்தைப் பாத்தாரு.

"பானை நிறைஞ்சுது, வழிஞ்சுது. இலையைப் போடுங்க, பசிக்குது"ன்னாரு.

பிரிச்சு வச்சுத் தின்னவன் கடைசியில கீரைக்கும் கெஞ்சுவான், அவ்வளவுதான் கதை. என் சட்டியும் காலி, என் வாயும் காலி. ஏலே தவசி, அந்தக் கடைசி உருண்டையைத் தனியா முழுங்காத. ஆளுக்குக் கொஞ்சம் பிச்சுக் குடு. வாசல்ல நாய் நிக்குது பாரு, அதுக்கும் வையி.