அக்கரை வீரன் சொன்ன போர்க்கதை

ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையும் சண்டை போட்டு ஓய்ந்திருந்த காலம். தைப்பூசத்தன்று இரண்டு ஊராரும் ஆற்றுமணலில் ஒன்றாக உட்காருவது என்று பேசி முடித்திருந்தார்கள். அங்கே கதை சொல்லும் பொறுப்பு வெண்காடன் தலையில் விழுந்தது.

வெண்காடன் இக்கரைப் படையில் வேல் பிடித்தவன். சண்டை ஓய்ந்ததும் வேலைப் போட்டுவிட்டுக் கதைசொல்லி மாதேவரிடம் சீடனாகச் சேர்ந்திருந்தான். நாற்பது வயதுச் சீடன். தலை நரைத்திருந்தது, ரோஷம் மட்டும் நரைக்கவில்லை.

போர்க்கதையைத்தான் கட்டியிருந்தான். ஆனால் அதை எதிரிப்படை வீரன் ஒருவனே சொல்வதுபோலக் கட்டியிருந்தான். ஒரு வார்த்தை பிசகினாலும் மணலிலேயே மறுபடி வெட்டுக்குத்து நடக்கும். அந்தப் பயத்தில் குருவிடம் முதலில் சொல்லிக் காட்ட வந்தான்.

"சொல்லு. என்னை அக்கரைக்காரன்னு நெனைச்சுக்கோ" என்று மாதேவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

வெண்காடன் தொண்டையைச் செருமினான்.

"நான் அக்கரை வீரன். நாங்கள் செய்தது பாவம். அன்று காலையிலேயே என் நெஞ்சு உறுத்தியது…"

மாதேவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

வெண்காடன் பின்னாலேயே ஓடினான். "ஐயா, எங்கே போறீங்க?"

"அக்கரைக்கு. என் ஊருக்கு."

"கதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

"கதை கேக்கத்தான் வந்தேன். மன்னிப்புக் கேக்க வரல."

"அவனை நல்லவனாத்தானே காட்டியிருக்கேன்?" வெண்காடனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சண்டை அன்னைக்குக் காலையில உன் நெஞ்சு உறுத்துச்சா?"

வெண்காடன் தரையைப் பார்த்தான். "இல்லைங்க ஐயா."

"பின்னே என்ன பண்ணினே?"

"பொஞ்சாதி கருப்பட்டி முடிஞ்சு குடுத்திருந்தா. பாதியைத் தின்னேன். பாதியைச் சாயங்காலத்துக்கு எடுத்து வச்சேன். சாயங்காலம் உயிரோட இருப்பேனான்னு தெரியாது. இருந்தாலும் வச்சேன்."

மாதேவர் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

"இப்போ சொல்லு" என்றார்.

வெண்காடன் தன்னுடைய அந்தக் காலைப் பொழுதை அப்படியே கதையில் வரும் அக்கரை வீரனுக்குக் கொடுத்துவிட்டான். தைப்பூசத்தன்று மணலில் கதை நடந்தது. இரண்டு பக்கத்திலும் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. வெண்காடனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அந்த நிம்மதி மறுநாள் காலைவரைதான் நீடித்தது. மூச்சிரைக்கக் குருவிடம் ஓடி வந்தான்.

"ஐயா, அக்கரைக்காரர் ஒருத்தர் நம்ம வாசல்ல வந்து நிக்கிறார். கன்னத்துல வெட்டுத் தழும்பு. 'அது என் கதை, உனக்கு யார் சொன்னது'ன்னு கேக்குறார்."

"கையில என்ன வச்சிருக்கார்?"

"ஒண்ணுமில்லைங்க. கண்ணுதான் கலங்கியிருக்கு. அவருக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?"

மாதேவர் மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து உதறி விரித்தார்.

"உள்ளதைச் சொல்லு. 'உங்ககிட்ட கேக்கப் பயமா இருந்துச்சு, அதனால என்கிட்டயே கேட்டுக்கிட்டேன்'னு சொல்லு. மிச்சத்தை அவரை உக்கார வச்சுக் கேளு."