ரெண்டு பந்தி, ஒரு கரண்டி

பாளையங்கோட்டையில் கல்யாணச் சமையல் காண்டிராக்ட் எடுக்கும் சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு, 'தெரியாது' என்ற ஒரு சொல்தான் தெரியாது. ஆர்டர் பிடிக்க அவருக்கு ஓர் ஆப் செய்துகொடுத்தாள் செண்பகவல்லி. ஆண்ட்ராய்டு போனில் அது ஜோராக ஓடியது.

மறுவாரமே அவளைச் சமையல்கூடத்துக்குக் கூப்பிட்டு, வேலையாட்கள் முன்னால் நிறுத்திச் சொன்னார். "பெரிய பார்ட்டியெல்லாம் ஐபோன்தான் வச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அதுலயும் ஓடணும்."

"அதுக்குத் தனியா எழுதணும் அண்ணாச்சி. அந்தப் போன்காரன் சட்டம் வேற, இந்தப் போன்காரன் சட்டம் வேற. இன்னொரு ஆளும் வேணும்."

"என்னம்மா கதை விடுத? ரெண்டும் போன்தானே. இதை அப்படியே தூக்கி அதுல போடு. முடியாதுன்னா நான் வேற ஆள் பாக்கேன்."

செண்பகவல்லி தலையாட்டினாள். "சரி அண்ணாச்சி. என் தங்கச்சி நிச்சயத்துக்கு நீங்கதான் சமைக்கணும். மாப்பிள்ளை வீட்டுக்குச் சைவம், எங்களுக்குப் பிரியாணி. ஒரு மாஸ்டர், ஒரு அடுப்பு, ஒரு கரண்டி போதும்."

அண்ணாச்சிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "விவரம் இல்லாம பேசாத. சைவப் பந்திக்கு அடுப்பே தனி, மாஸ்டரே தனி. கறி தொட்ட கரண்டி சாம்பார்ல விழுந்தா சம்பந்தமே நின்னுபோகும்."

"என்ன அண்ணாச்சி, ரெண்டும் சாப்பாடுதானே."

காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் குனிந்து சிரித்தார்கள். அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த இன்னொரு மாஸ்டரையும் கூட்டிட்டு வா. அவசரமில்ல, பக்குவமாச் செய்ங்க. அது கிடக்கட்டும், தங்கச்சி நிச்சயம் என்னைக்கு?"

"தங்கச்சியா? வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை அண்ணாச்சி."