யானை பெற்ற மைனா

யானையைப் பரிசாகப் பெற்ற புலவரின் வறுமை அன்றோடு தீர்ந்துவிடும் என்று உலகம் நம்புகிறது. இது மிகப் பெரிய பிழை. அதுவரை குருவியளவு இருந்த வறுமை, அன்று முதல் யானையளவு ஆகிவிடுகிறது.

காடு காடாகப் பாடித் திரிந்த ஒரு மைனாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. பெயர் செந்நாவலர். கூட்டில் மனைவி மஞ்சளியும் மூன்று குஞ்சுகளும் பட்டினி. செந்நாவலர் சிங்கராசாவிடம் போய், மூச்சுப் பிடித்து நாற்பது பாட்டுப் பாடினார். ஒரு பிடி தினை கிடைத்தால் போதும் என்று நினைத்திருந்தார்.

சிங்கம் தினை தின்றதில்லை. "இந்த யானை உமக்கே!" என்றது.

தந்தமில்லாத மோழை யானை. செந்நாவலர் அதன் முதுகில் ஏறி, மார்பை நிமிர்த்திக்கொண்டு ஊர்வலமாக வந்து சேர்ந்தார்.

"என்னங்க, தினை எங்கே?" என்றாள் மஞ்சளி.

"தினையா! யானை, மஞ்சளி, யானை!"

"இதை எந்தக் குஞ்சு வாயில் வைக்கட்டும்?"

செந்நாவலர் மார்பை இன்னும் நிமிர்த்தினார். கீழே இறங்கவில்லை. யானை பெற்ற புலவர் தரையில் கால் வைப்பது மரபன்று என்று எங்கோ கேட்டதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

யானை கூட்டு மரத்தைச் சுற்றிப் புல் மேய்ந்தது. புலவர் மேலேயே இருந்தார். இரண்டாம் நாள் கடைக்குஞ்சு கத்துவதை நிறுத்திவிட்டது. அந்த அமைதி செந்நாவலரின் நெஞ்சை அறுத்தது.

"புலவரே, அழுகிறீரா?" என்றது யானை.

"இல்லை. யாப்பு யோசிக்கிறேன்."

"யோசித்தது போதும். என் காலடியைப் பாரும்!"

யானை ஓர் அடி எடுத்து வைத்தது. புல்லுக்குள்ளிருந்து வெட்டுக்கிளிகள் பொரி பொரிவதுபோல் துள்ளின!

"அட பாவி! நேற்றே சொல்லியிருக்கலாமே!"

"நீர் மரபு பேசிக்கொண்டிருந்தீர். குறுக்கே பேச எனக்குக் கூச்சம்."

செந்நாவலர் தொப்பென்று குதித்தார். முதல் வெட்டுக்கிளி கடைக்குஞ்சுக்கு. அது விழுங்கியது. மறுகணம் இன்னொன்று கேட்டு ஊரைக் கூட்டியது. மஞ்சளி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

பிறகு அந்தக் குடும்பம் பசி அறியவில்லை. குஞ்சுகள் தத்தித் தத்தி வருவதற்கேற்ப யானை மெதுவாக நடந்தது. ஒரு பகலில் செந்நாவலர் அதைப் புகழ்ந்து ஒரு பாட்டுப் பாடினார். பரிசு கேட்காமல் அவர் பாடிய முதல் பாட்டு அது.

"தந்தம் இல்லாத என்னை யாரும் பாடியதில்லை" என்ற யானை, காதை அசைக்காமல் கேட்டது.

பெருமை முதுகின்மேல் இருக்கலாம், உணவு காலடியில்தான் இருக்கிறது; இறங்கத் தெரிந்தவரே பிழைப்பார்.

அந்தக் காட்டில் மிஞ்சிய வெட்டுக்கிளிகள் உயிர் பிழைக்க மறுவாரம் ஆற்றுக்கு அக்கரையில் குடியேறின; யானைக்கு நீந்தத் தெரியும் என்பது அவற்றுக்குத் தெரியாது.