படகு எங்கே?

“கடலுக்குப் போனவனைக் கரையிலிருந்து எத்தனை தடவை கூப்பிட்டாலும்…” என்று எங்கள் பங்குச்சாமியார் சொல்வார், மிச்சம் மறந்துவிட்டது.

எங்கள் மீனவர் சங்கச் செயலியில் ‘படகு எங்கே?’ என்றொரு பொத்தான். வீட்டார் ஓயாமல் அழுத்தி, சர்வர் படுத்துவிட்டது.

“சும்மா சும்மா அமுக்குற பொம்பளையளோட நம்பரையெல்லாம் வெட்டு. இல்லைன்னா உன் வேலையை வெட்டுவேன்” என்றார் தலைவர் வியாகுலம்.

புரோகிராம் எழுதும் மெற்றில்டா ஒரு தாளை நீட்டினாள். “நேத்து அதிகமா அமுக்குனவங்க பட்டியல், ஐயா. மேலேருந்து வெட்டட்டுமா?”

முதல் எண் அவருடையது. நானூற்றுப் பன்னிரண்டு தடவை. அவர் மகன் கடலுக்குப் போய்ப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

“வேற வழி உண்டா, மக்ளே?”

“எத்தனை தடவை அமுக்கினாலும், செயலி நிமிஷத்துக்கு ஒருக்காதான் சர்வரைக் கேக்குற மாதிரி மாத்தலாம். நடுவுல கடைசியாக் கண்ட இடத்தையே காட்டும்.”

“ஒரு நிமிஷமா?” அவர் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார்.

அந்தத் தாளிலேயே அரை நிமிடம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.