மயிலிறகு மாலையும் நடு இடமும்

ஒரு மலைக்காட்டில் மார்கழி பிறந்துவிட்டால் எல்லா விலங்குகளுக்கும் பற்கள் தந்தியடிக்கும். புல் நுனிகளில் பனி உறைந்து, காலையில் காடே உப்பைக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கும்.

குழந்தைகளே, அம்மாதத்தின் மிகக் குளிர்ந்த மாலையில் அங்கே பனிக்கூடல் என்றொரு விழா நடக்கும். விழா என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பெரிய பாறைக் குடைவுக்குள் எல்லாரும் ஒட்டி உட்கார்ந்து, கதை பேசி, ஒருவர் உடம்புச் சூட்டில் ஒருவர் குளிர்காய்வார்கள். விதி ஒன்றே ஒன்றுதான்: கடைசியாக வருபவருக்கு நடு இடம். அதிக நேரம் பனியில் நின்றவர் அவர்தானே.

அந்த ஆண்டு புனுகுப்பூனைக்கு இந்த விதி பிடிக்கவில்லை. "வெறுங்கையோடு வந்து உட்கார்ந்துவிட்டுப் போவதெல்லாம் ஒரு விழாவா?" என்று பொந்து பொந்தாகப் போய்க் கேட்டது. இனி ஒவ்வொருவரும் பரிசு கொண்டுவர வேண்டும், மிக அழகான பரிசுக்கே நடு இடம் என்றும் அறிவித்தது. பரிசுக்கு எங்கே போவது என்று விழித்தவர்களுக்கு அதுவே வழியும் காட்டியது. மயிலிறகு, பாம்புச் சட்டை, மின்னும் வண்டின் ஓடு என எல்லாம் அதனிடம் குவிந்திருந்தன. சேர்த்துவைத்த தீனியைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மலை அணிலுக்கு இயல்பாகவே ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. இப்போது கேட்கவா வேண்டும்? அதன் குட்டிக்கு உடம்பில் இன்னும் மயிர் அடர்ந்திருக்கவில்லை. நடு இடம் கிடைக்காவிட்டால் குட்டி இந்தக் குளிரைத் தாங்காது என்று தாய் பதறியது. ஒளித்துவைத்திருந்த பலாக்கொட்டைகளைத் தோண்டியெடுத்துக் கொடுத்து மயிலிறகு மாலை ஒன்றை வாங்கியது. வாங்கிய பின்னும் நிம்மதி இல்லை. முயலின் பரிசு இதைவிட அழகோ என்று எட்டிப்பார்க்க ஓடியது. திரும்பி ஓடிவந்து, மிச்சமிருந்த கொட்டைகளையும் கொடுத்து மாலையை நீளமாக்கியது.

பொழுது சாய்ந்தது. குடைவு முழுக்கப் பரிசுகள். அணிலின் மாலையே அழகு என்று முடிவாயிற்று. நடு இடமும் கிடைத்தது.

ஆனால் குளிர் போகவில்லை. குட்டியின் வால் நுனிவரை நடுங்கியது. அணில் அதை இப்புறம் மாற்றி வைத்தது, அப்புறம் மாற்றி வைத்தது, தன் வாலால் மூடியது. ஒன்றும் பலிக்கவில்லை.

"மாலையைப் போர்த்திவிடு," என்றது ஓரத்தில் இருந்த முள்ளம்பன்றி. "அத்தனை கொட்டைகளைக் கொடுத்தாயே, கொஞ்சமாவது சுடாதா?"

அணில் சுற்றிலும் பார்த்தது. ஆண்டுதோறும் எல்லாரும் சாய்ந்துகொள்ளும் அந்தப் பெரிய முதுகைக் காணவில்லை. குட்டியை முயலிடம் விட்டுவிட்டு வெளியே பாய்ந்தது.

காட்டெருமை சரிவின் கீழே தனியாக நின்றிருந்தது. அதன் முதுகில் பனி படிந்திருந்தது.

"ஏன் வரவில்லை, அக்கா?"

"எதைக் கொண்டு வருவேன்? எனக்குக் கையும் இல்லை, பொந்தும் இல்லை. புல்லைத் தின்று நிற்கிறவள். வந்தால் இடத்தைத்தான் அடைப்பேன்."

"அந்த இடத்தை நீங்கள் அடைக்காததால்தான் என் குட்டி நடுங்குகிறது. வாருங்கள்."

இருவரும் வந்தபோது புனுகுப்பூனை வாசலை மறித்தது. பரிசு இல்லாதவருக்கு இடமில்லை, பரிசு இருந்தாலும் இவ்வளவு பெரிய உடம்பை எங்கே வைப்பது என்று கேட்டது. கேள்வியில் நியாயம் இருந்தது. பரிசுகள் போக உள்ளே காலை நீட்டவும் இடமில்லை.

அணில் தன் மாலையை இழுத்துவந்து வெளியே போட்டது. அடுத்து முயல் தன் பாம்புச் சட்டையை உதறியது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் வெளியே விழுந்தன. புனுகுப்பூனை அவற்றின் பின்னால் ஓடி, பொறுக்கிக் குவித்து, காவலுக்கு உட்கார்ந்துகொண்டது. நாளைக்கு இவற்றைத் தேடி என்னிடம்தான் வருவீர்கள் என்று உள்நோக்கிக் கத்தியது.

காட்டெருமை உள்ளே வந்து படுத்தது. அதன் மூச்சில் குடைவு வெதுவெதுப்பாயிற்று. குட்டி அதன் கழுத்து மடிப்புக்குள் புகுந்தது, நடுக்கம் நின்றது.

சற்று நேரத்தில் வெளியிலிருந்து பற்கள் தந்தியடிக்கும் ஓசை கேட்டது. கடைசியில் புனுகுப்பூனை வாசலில் வந்து நின்றது. அதனிடம் ஓர் இறகுகூட இல்லை.

"நான் ஒன்றும் கொண்டுவர..." என்று தொடங்கியது.

"கொட்டைகளைப் பற்றிக் காலையில் பேசிக்கொள்ளலாம்," என்றது முள்ளம்பன்றி. "என் பக்கமாக மட்டும் நுழைந்துவிடாதே."

காட்டெருமை உடம்பை ஒடுக்கிக்கொண்டது.

"கடைசியாக வந்தவன் நீதான், தம்பி. நடுவில் வா."

அணில் நகர்ந்து வழிவிட்டது. பிறகு, அந்த மார்கழியில் முதல்முறையாக, அசையாமல் உட்கார்ந்தது.

நீதி: கொண்டுவரும் பொருளைப் பார்த்து இடம் கொடுக்கும் வீட்டில் பொருள்தான் நிறையும், குளிர் போகாது.