நோய் எட்டாத நுனி

செங்கோடனுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆத்தூர்ப் பக்கம் தலைமுறையாக மரவள்ளி போட்டவர். ஊரே புது ரகத்துக்கு மாறியபோதும் அப்பா கொடுத்த ரகத்தை விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர். அந்த ரகத்தில்தான் தேமல் நோய் விழுந்தது. இலையெல்லாம் மஞ்சள் திட்டுப் படிந்து சுருண்டு, வயலே நாசமாகப் போனது. மிஞ்சிய குச்சிகளைக் கட்டிக்கொண்டு திசு வளர்ப்புக் கூடத்துக்கு வந்து, சாரதாமணியிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். குருவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. மனுஷன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குச்சியில் வரும் துளிரின் நுனியை நறுக்கிக் கண்ணாடிக் குழாயில் வளர்க்க வேண்டும். நாற்பது நறுக்கினார். நாற்பதும் பிழைத்தன. நாற்பதிலும் தேமல்.

கடைசிக் குச்சியில் ஒரே ஒரு துளிர் மிச்சம். அதுவும் போனால் ரகமே போச்சு.

"உடம்பு பூரா நோயா இருக்குதுங்க மேடம். இதுல நல்ல செடி எங்கிருந்து வரும்?"

சாரதாமணி அந்தத் துளிரை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தார். துளிரின் இலைகளை ஊசியால் ஒவ்வொன்றாக விலக்கி, நுண்ணோக்கியைக் காட்டினார்.

செங்கோடன் குனிந்தார். வெந்த ஜவ்வரிசி போல ஒரு குமிழ், ஈரத்தில் பளபளத்தது. தலையை எடுத்து வெறுங்கண்ணால் பார்த்தார். ஒன்றையும் காணோம். மறுபடி குனிந்தார். இருந்தது.

"செடி அங்கதான் வளருது. நோய் அது வரைக்கும் இன்னும் எட்டலைங்கண்ணா."

அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "இத்தனூண்டுலயா முழுச்செடியும் இருக்குது?"

"ஆமாங்கண்ணா. நீங்க எவ்வளவு நறுக்கினீங்க?"

"சின்னதா எடுத்தா செத்துருமேன்னு, அடியில ரெண்டு மூணு இலையோட சேர்த்து எடுத்தேங்க. தனியா விட மனசு வரலை."

"அந்த இலையிலதான் நோய் இருந்தது" என்று கத்தியை அவர் கையில் கொடுத்தார் சாரதாமணி.

"நீங்களே பண்ணிருங்க மேடம்."

"உங்க ரகம். நீங்கதான் பண்ணணும்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு நறுக்கினார். கத்தி முனையில் ஏதாவது இருக்கிறதா என்றே தெரியவில்லை. அதைக் குழாய்க்குள் வைத்துவிட்டு, சோறு தண்ணி இறங்காமல் திரிந்தார்.

ஐந்தாம் மாதம் தொட்டியில் ஏழு இலை விரிந்து நின்றது. பரிசோதனையிலும் நோய் இல்லை என்று வந்தது. ஆனாலும் ஒவ்வோர் இலையையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாசு மரு இல்லாத பச்சை. கண் கலங்கிவிட்டது.

"மேடம், அவ்வளவு சின்னதா நறுக்க உங்களுக்குப் பயமே இருக்காதுங்களா?"

"பன்னெண்டு வருஷமா ஒவ்வொரு தடவையும் பயந்துக்கிட்டேதான் நறுக்கறேன்" என்றார் சாரதாமணி. "பயத்துக்காகப் பெருசா நறுக்கறதில்லை, அவ்வளவுதான்."