அக்கரைக்குப் போன நெல்

முன்னொரு காலத்தில், ஆற்றுக்கு இந்தக் கரை ஒரு ராஜாவுக்கும் அந்தக் கரை வேறொரு ராஜாவுக்கும் சொந்தமாக இருந்தபோது, இந்தக் கரை ராஜாவுக்கு வரி என்றால் கொள்ளை ஆசை. அரண்மனை வேலைக்காரர்கள் தங்கள் கூலி நெல்லில் ஒரு பங்கை முதுமைக்கென்று களஞ்சியத்தில் சேர்த்து வைப்பார்கள். ஓய்வு பெற்று அதை எடுத்துச் சாப்பிடும்போது ஆறில் ஒரு பங்கை ராஜாவுக்குக் கொடுக்க வேண்டும்.

யானைப்பாகன் வீரணன் முப்பது வருடம் உழைத்து ஓய்ந்து, தன் நெல் மூட்டைகளோடு அக்கரையில் மகள் வீட்டுக்குக் குடிபோனான். அந்த ராஜ்யத்தில் வயதானவர்களின் நெல்லுக்கு வரி கிடையாது. வீரணன் விகடகவி தேனப்பனின் நண்பன். தேனப்பனைக் கண்டாலே மந்திரி அம்பலவாணருக்கு வயிறு எரியும். போதாதா?

"மகாராஜா, நெல் எந்தக் கரையில் இருந்தாலும் அது நம் நெல். அங்கும் வரி வாங்குவதே முறை" என்றார் மந்திரி. ராஜா உடனே ஆணை பிறப்பித்துவிட்டார்.

வீரணன் தேனப்பனிடம் ஓடி வந்தான். "ஆறுல ஒரு பங்கு போயிட்டா மழைக்காலத்துல மக கையைத்தான் பாக்கணும் சாமி. இந்த வயசுல அது வேணாமே."

"உன் வீட்டில் எலி இருக்கா?"

"மூட்டைக்கு நாலு இருக்கும். மக வளக்குற பூனைதான் வெரட்டிக்கிட்டுக் கெடக்கு."

"சந்தோஷம். கவலைப்படாம போ."

மறுநாள் காலை தேனப்பன் போர் முரசை அறைந்துகொண்டே சபைக்குள் வந்தான். "மகாராஜா, அக்கரையில் நம் நெல்லைப் பகைவர்கள் சூறையாடுகிறார்கள்."

"நம் நெல்லையா?" ராஜா கவசத்தை மாட்டிக்கொண்டு படகில் ஏறினார். மந்திரியும் வாளோடு ஏறினார். நடு ஆற்றில்தான் ராஜாவுக்குக் கேட்கத் தோன்றியது. "பகைவர் எத்தனை பேர்?"

"மூட்டைக்கு நாலு பேர். எல்லோருக்கும் வால் உண்டு."

"வாலா?"

"எலிகள், மகாராஜா. வரி வாங்குகிறவர் காவலும் தர வேண்டும் என்பது தங்கள் பாட்டனார் காலத்து வழக்கம். நம் நெல்லை இப்போது அந்த ஊர்ப் பூனை ஒன்றுதான் காக்கிறது. நியாயப்படி அந்த ஆறில் ஒரு பங்கு பூனைக்குத்தான் சேர வேண்டும்."

மந்திரிக்கு முகம் கறுத்தது. "காவலுக்கு ஆள் போடலாம், மகாராஜா."

"நீரே தடியோடு போய் அந்த வீட்டில் உட்காருமே" என்றார் ராஜா. மந்திரி கையிலிருந்த வாளை மெல்லக் கீழே வைத்தார்.

ராஜா படகு ஆடும்படி சிரித்தார். குடிபோனவனுக்கு, அவன் வாழும் கரையின் சட்டமே சட்டம் என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லி, தன் கைக்காப்பைக் கழற்றித் தேனப்பனுக்குப் போட்டார்.

"பூனைக்கு, மகாராஜா?"

"தினம் ஒரு ஆழாக்குப் பால். மந்திரியார் கொண்டுபோய்க் கொடுப்பார்."

அதன்பின் வீரணன் தன் சோற்றைத் தானே வயிறாரச் சாப்பிட்டான். அக்கரைக்கு வரி வாங்க ஆள் அனுப்பத் துடித்த அம்பலவாணர், தினமும் காலையில் பால் செம்போடு படகு ஏறினார்.